நூற்றுக்கு முப்பது

2023

பிப்ரவரி 9, வியாழன்

காலையில் சென்னையிலிருந்து பத்மாசனி மேடம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எனக்காகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுக் கொடுத்த முகவர் அவர்தான். விண்ணப்பத்தைப் பரிசோதித்த அறிக்கை வந்துவிட்டதாம். ஒன்பது பக்கம். ஒன்பதிலும் என்னை மறுத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் செய்வதற்காக நைலானில் கண்ணாடி இழையும் விளக்கெண்ணெயும் சேர்த்து நான் செய்த கலவையில் புதுமை ஏதும் இல்லையாம். கண்ணாடி இழை 30 சதவீதம் என்று நான் உரிமை கேட்டிருக்கிறேன். ஜப்பானில் ஒருவர் பதினான்கு வருஷத்துக்கு முன்பே 25 முதல் 40 சதவீதம் வரை மொத்தத்தையும் வளைத்து எழுதி வைத்துவிட்டார். எண்ணெய், மெழுகு எதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியும் போட்டிருக்கிறாராம். ஆகவே கோயமுத்தூர் கணபதியில் ஷெட் போட்டிருக்கும் மருதாசலம் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆறு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதுவார்கள்.

யார் கைவிடுவது? முப்பத்தோரு வருஷமாக உருகிய பிளாஸ்டிக் நாற்றத்தில் நிற்கிறேன். பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 10, வெள்ளி

காலை முழுக்க கரண்ட் இல்லை. அறிக்கையை இன்னொரு முறை படித்தேன். கோபம் குறையவில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

மேடத்துடன் போனில் அரை மணி நேரம்.

"சார், நேராவே சொல்றேன். முப்பதுங்கறது இருபத்தஞ்சுக்கும் நாப்பதுக்கும் நடுவுல வருது. அவர் போட்ட வேலிக்குள்ள நீங்க நிக்கறீங்க. இதை விட்டுடுங்க. வேற ஏதாவது புதுசா பண்ணா போட்டுத் தர்றேன்."

"ஏனுங்க, எங்க இம்பெல்லரு இந்த ஜில்லா முழுக்க போர் குழிக்குள்ள சுத்தீட்டு இருக்குது. அந்த ஜப்பான்காரரோட இம்பெல்லர யாராச்சும் கண்ணுல பாத்திருக்கறாங்களா?"

"அதுக்கும் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்ல சார்."

"சம்பந்தம் வர்ற மாதிரி எழுதுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கண்டுபிடித்த கதையை இங்கே ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. 2019 ஆடி மாதம். நறுக்கிய கண்ணாடி இழையை விளக்கெண்ணெயில் பிசறி, பிறகு மெஷினில் போட்டோம். பிசறியது சாமியாத்தாள். எக்ஸ்ட்ரூடர் ஓட்டுவது அவள்தான். நைலான் குருணையை உருக்கி, இழையோடு பிசைந்து, இடியாப்பம் மாதிரி பிழிந்து வெட்டித் தரும் மெஷின் அது. எடை போட்டு பேட்ச் அட்டையில் குறிப்பதும் அவள் வேலை. மறுநாள் அந்தக் குருணையில் வார்த்த இம்பெல்லரைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். உடையவில்லை. எட்டு அடி அடித்தேன். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போவதால் இழை நொறுங்காமல் நீளமாகவே உள்ளே போய்ச் சேர்கிறது, அதுதான் பலம். இதுதான் கண்டுபிடிப்பு. இதைக் கண்டவன் நான். சுத்தியல் என் கையில் இருந்தது.

மார்ச் 3, வெள்ளி

நமக்கு ஆர்டர் தரும் பெரிய பம்பு கம்பெனிக்குப் போயிருந்தேன். கொள்முதல் மேலாளர் சுந்தரவடிவேல் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மருதாசலம், அடுத்த வருசத்துல இருந்து கலவைய நாங்களே போட்டுக்கறோம். குருணையில கண்ணாடியக் கொட்டிக் கலக்கறதுதானய்யா. இதுக்குப் போயி பேட்டண்டு கேட்டிருக்கறயாமா? எங்க பசங்க நாலு நாள்ல பண்ணீட்டாங்க."

நாலு நாளில் எப்படிப் பண்ணினார்கள்? தரச் சோதனைக்கு வேண்டும் என்று கேட்டார்கள் என்று நானே எண்ணெய் முதற்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேனே, அதைப் பார்த்துத்தான் பண்ணினார்கள். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வரும் வழியெல்லாம் வண்டியில் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்தவர் மூளையில் விளைந்ததைத் தன் பேரில் எழுதிக்கொள்கிறவனுக்குச் சோறு எப்படித்தான் இறங்குகிறதோ! காப்புரிமை கிடைத்தே தீர வேண்டும். இது யாருடையது என்று சொல்ல அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கிறது.

மார்ச் 19, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடும்போது சுலோச்சனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பொருமினேன். என் மனைவிக்குத் தொழிலைப் பற்றி எதுவும் தெரியாது, இருந்தாலும் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஏனுங்க, அந்த விளக்கெண்ணெயி சாமியாத்தா ரோசனைதானுங்களே? கையெல்லாம் அரிக்குதுன்னு நம்ம ஊட்டுக்கு வந்து, எங்கிட்டத்தான ஒரு சொம்பு வாங்கீட்டுப் போனா?" என்றாள்.

ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 27, வியாழன்

ஷெட்டுக்குள் நாற்பத்தொரு டிகிரி. பதில் எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழித்தேன். மெஷினில் குருணை கொட்டும் ஹாப்பர் வாயில் வெல்டு விட்டுப் போயிருந்ததை ஒட்ட வைத்தேன். அது ஒன்றாவது உருப்படியாக நடந்தது.

மே 22, திங்கள்

மேடம் நினைவூட்டல் அனுப்பியிருக்கிறார். "அந்த ஆவணத்துக்கும் உங்க கலவைக்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு வித்தியாசம் காட்டுங்க சார், அதை வச்சு நான் சண்டை போடறேன்."

ஜப்பான்காரரின் ஆவணத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், எரிச்சலாக இருக்கிறது. பதினேழாம் பத்தியில், கண்ணாடி இழை 25 சதவீதத்துக்குக் கீழே போனால் வலிமை போதாது, எந்த எண்ணெய் சேர்த்தாலும் பயனில்லை என்று ஒரு வரி. "இது யாருக்குத்தான் தெரியாது?" என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.

ஜூன் 15, வியாழன்

ஒன்றும் நகரவில்லை. பல் வலி வேறு.

ஜூலை 13, வியாழன்

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

மாலை மூன்று மணி இருக்கும். மெஷினை நிறுத்திக் குளிரவிட்டிருந்த நேரம். யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது. எடைத்தட்டுப் பக்கத்தில் சாமியாத்தாள் இருந்ததால் அவளிடம் கத்தினேன். முப்பது சதவீதம் என்று எழுதிவிட்டு முழி பிதுங்குவதை, ஜப்பான்காரரின் வேலியை, எல்லாவற்றையும். அவள் மூட்டை தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஊசியைக் கோணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்ணா, முப்பது சதவீதம்னு எழுதிக் குடுத்தது யாருங்ணா?"

"நாந்தான். ஏன்?"

"நாம முப்பது சதவீதம் போடறதில்லீங்களே."

"என்ன பேசறே? நூத்துக்கு முப்பது போடறதில்லயா? பின்ன நாலு வருசமா வேற என்னத்தப் போட்டுட்டு இருக்கறே?"

"நூத்துக்கு முப்பதுதானுங்ணா போடறேன். நைலான் நூறு கிலோ. அந்த நூத்துக்கு கிளாசு முப்பது, எண்ணெயி ரெண்டு. ஆகமொத்தம் நூத்தி முப்பத்திரண்டு வருது. நூத்தி முப்பத்திரண்டுல முப்பதுன்னா அது எப்படிங்ணா முப்பது சதவீதமாகும்? எம் புள்ளைக்கு பரிச்சையில மார்க்கு போட்டா மொத்தமே நூறுதானுங்களே."

நான் அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் வகுத்தேன். இரண்டு தடவை வகுத்தேன். கால்குலேட்டரிலும் போட்டேன். இருபத்திரண்டே முக்கால் சதவீதம். அதுகூட முழுசாக இல்லை.

இந்த ஊரில் கலவை போடுகிற எல்லாரும் இப்படித்தான் பேசுவோம். நூற்றுக்கு முப்பது என்றால் நூறு கிலோ குருணைக்கு முப்பது கிலோ என்று அர்த்தம். எடைத்தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு வேறு அர்த்தமே தோன்றாது. அதே சொல்லைப் படித்தவர்களிடம் சொன்னால் முப்பது சதவீதம். மேடம் போனில் கேட்டார், நான் சொன்னேன், அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் நன்றாகவே தெரியும்.

வேலிக்கு வெளியே நிற்கிறோம்! முதல் நாளிலிருந்தே வெளியேதான் நின்றிருக்கிறோம். அது மட்டுமா? இருபத்தைந்துக்குக் கீழே போனால் பலம் இருக்காது, எண்ணெய் சேர்த்தாலும் பயனில்லை என்று ஜப்பான்காரரே எழுதியிருக்கிறார். அவர் நடக்காது என்று சொன்ன இடத்தில் எங்கள் இம்பெல்லர் நாலு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தேன். சாமியாத்தாள் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 14, வெள்ளி

மேடத்திடம் தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்ன தப்பு என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சார், இப்ப புதுசா ஒரு நம்பர் கொண்டுவந்து சேர்க்க சட்டம் விடாது. முதல்ல போட்ட விண்ணப்பத்துலயே அது இருந்திருக்கணும்" என்றார். அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம்.

"இருங்க, இருங்க. அஞ்சாம் பக்கத்துல ஒரு டேபிள் இருக்கு. எல்லாம் கிலோல. நூறு, முப்பது, ரெண்டு. மொத்தம் நூத்தி முப்பத்திரண்டு! சார், இது போதும். இது யார் குடுத்தது?"

"நாந்தானுங்க அனுப்பிச்சேன்."

அது பொய்யில்லை. அனுப்பியது நான்தான். பேட்ச் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அட்டையில் இருப்பது யார் கையெழுத்து என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

பதில் போய்விட்டது. கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. "முந்தைய ஆவணம் முடியாது என்று கூறிய அளவிலேயே எங்கள் கலவை வலிமை காட்டுகிறது" என்ற வரியை நான் சொல்லித்தான் மேடம் சேர்த்தார். இன்னும் காரமாக ஒரு வரி சொன்னேன். அதை எடுத்துவிட்டார்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பொரிகடலை பிரித்துக் கொடுத்தேன். சாமியாத்தாளுக்கு சுலோச்சனா எடுத்த சேலை. அதை வாங்கிக்கொண்டு, "பேட்டண்டு சமாச்சாரம் என்னாச்சுங்ணா?" என்று கேட்டாள். பதில் போயிருக்கிறது என்றேன்.

"அதுல எங்காச்சும் எம் பேரு வருதுங்களா?"

"அதெல்லாம் ஆபீசு சமாச்சாரம் சாமியாத்தா. நீ பொரி எடுத்துக்க."

எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 10, வெள்ளி

நேர்காணல் விசாரணைக்கு அழைப்பு. 28-ஆம் தேதி காலை பதினொன்றரை, கம்ப்யூட்டரில் முகம் பார்த்துத்தான் பேச வேண்டுமாம். சட்டை எது போடுவது என்று யோசிக்கிறேன். சிரிப்பாக இருக்கிறது.

நவம்பர் 28, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஷெட்டின் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் நான். திரையில் ஒரு கட்டத்தில் மேடம், இன்னொன்றில் காப்புரிமை அதிகாரி. நாற்பது வயதுக்குள் இருக்கும், கண்ணாடி போட்டவர், அமைதியான பேச்சு. உடைத்த இம்பெல்லரையும் உடையாத இம்பெல்லரையும் காட்டச் சொன்னால் எடுத்துத் தர, சாமியாத்தாளை என் பக்கத்தில், திரையில் விழாத இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

இருபத்திரண்டே முக்கால் கணக்கை மேடம் இங்கிலீஷில் விளக்கினார். அதிகாரி ஐந்தாம் பக்க அட்டவணையைத் தானே கூட்டிப் பார்த்துவிட்டு, திருத்தத்தை ஏற்கலாம் என்றார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"ஒரு கேள்வி இருக்குங்க. எண்ணெயை நைலான்ல கலக்கறது எல்லாரும் பண்றதுதான். நீங்க கண்ணாடி இழை மேல தடவியிருக்கீங்க. இழையில எண்ணெய் பட்டா பிளாஸ்டிக் அதுல ஒட்டாது, பலம் குறையும்னுதான் இந்தத் துறையில இருக்கற யாரும் நினைப்பாங்க. நீங்க எப்படி அதுக்கு எதிரா யோசிச்சீங்க? என்ன நினைச்சு அதைச் செஞ்சீங்க?"

"பலத்துக்காகத்தானுங்க" என்றேன்.

"அதான் கேக்கறேன். பலம் குறையும்னு தெரிஞ்சே பலத்துக்காகச் செஞ்சீங்களா?"

மேடம் ஏதோ சொல்லப் பார்த்தார். அதிகாரி கையைக் காட்டினார். வேதியியல் என்றேன். அனுபவம் என்றேன். மறுபடி வேதியியல் என்றேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமை என்னைக் கொன்றது.

"பலத்துக்கெல்லாம் இல்லீங்க" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. "கை அரிச்சுதுங்க."

"யாரது?" என்றார் அதிகாரி.

சாமியாத்தாள் குனிந்து திரைக்குள் முகத்தைக் காட்டினாள். "மெசினு ஓட்டறவளுங்க. அந்தக் கிளாசு சுணையாட்டம் பறக்குமுங்க. முழங்கையி வரைக்கும் அரிப்பு, தொண்டையில கமறல். ராத்திரி சோறு பெசஞ்சா சோத்துல குத்துமுங்க. தூசி அடங்கட்டும்னு விளக்கெண்ணெயி ஊத்திப் பெசறிப் போட்டேன். கெட்டுப் போச்சுன்னா அண்ணன் திட்டுவாருன்னு தெரியுமுங்க, திட்டுனாருங்க. அடுத்த நாளு இம்பெல்லரு ஒடையல. கொஞ்சத்தை அடுப்புல போட்டுப் பொசுக்கிப் பாத்தனுங்க. பிளாஸ்டிக்கு போயி கிளாசு மட்டும் நிக்குமில்லீங்களா, எழை நெட்டு நெட்டா அப்படியே இருந்துதுங்க. முன்னயெல்லாம் பொடிப்பொடியா கெடக்குமுங்க."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இது பதில். பலத்தைத் தேடிப் போனவங்க யாரும் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டாங்க." பிறகு தாளைப் புரட்டினார். "உங்க பேர் என்னம்மா?"

"சாமியாத்தாளுங்க."

"விண்ணப்பத்துல கண்டுபிடிச்சவர்ங்கற இடத்துல மருதாசலம்னு ஒரே பேர்தான் இருக்கு. உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர் இவர்தான்னு உறுதிமொழியும் இருக்கு. உங்க பேர் இல்லையே?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு வருஷமாக ஒரு மனுஷி என் கண் முன்னால் நிற்கும்போது எதை மறப்பது?

"எழுதாம விட்டுட்டனுங்க" என்றேன்.

பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி கட்டத்திலிருந்து மறைந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் மேலும் கோபம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 29, புதன்

மேடம் சொல்கிற வழி: "உங்க வழிகாட்டுதல்ல வேலை செஞ்ச ஒரு ஊழியர் தூசிக்காகச் செஞ்ச சின்ன உதவி, அதோட பலனை உணர்ந்து கலவையா உருவாக்கினது நீங்கன்னு எழுதிடலாம் சார். அதிகாரி ஒத்துக்க வாய்ப்பிருக்கு. அதுதான் சுலபம்."

சுலபம்தான். யோசிக்கிறேன் என்றேன்.

சாமியாத்தாள் வழக்கம்போல் எட்டு மணிக்கு வந்தாள், வழக்கம்போல் ஐந்தரைக்குப் போனாள். பேட்ச் அட்டையை என் கையில் தராமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 4, திங்கள்

கொடிசியா தொழில் கண்காட்சியில் கிடைத்தது என்று பக்கத்து ஷெட்காரர் ஒரு துண்டுத்தாள் கொண்டுவந்து தந்தார். அந்தப் பம்பு கம்பெனி அடித்தது. பளபளவென்று நாலு வண்ணத்தில். "புதிய எண்ணெய்ப் பூச்சு இழைத் தொழில்நுட்பம். எங்கள் ஆய்வுக் குழுவின் கண்டுபிடிப்பு."

எனக்கு ரத்தம் கொதித்தது. தாளைக் கசக்கிக்கொண்டு ஷெட் நடுவில் நின்று கத்தினேன். "குழுவாமா குழு! எந்தக் குழு? அரிப்பு எடுத்தது எவன் கையில? கண்டுபிடிச்சவங்க பேரப் போடுங்கடா பாக்கலாம்! பேரப் போடறதுக்கு உங்களுக்கு…"

மெஷினுக்கு அந்தப் பக்கம் சாமியாத்தாள் துணியால் ஹாப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு இவ்வளவு போதும்.

டிசம்பர் 6, புதன்

மேடத்துக்குப் போன் போட்டு, சுலப வழி வேண்டாம், பெயரைத் திருத்த மனு போடுங்கள் என்றேன்.

"சார், நல்லா யோசிச்சீங்களா? உறுதிமொழி தப்புன்னு நாமே எழுதிக் குடுக்கறோம். அதையே பிடிச்சுக்கிட்டு மொத்தமா நிராகரிச்சாலும் நிராகரிக்கலாம்."

"பண்ணட்டுங்க. பொய்ப் பேர்ல கெடைக்கறதுக்கு நெசப் பேர்ல போனாப் போகட்டும். போச்சுன்னா மேல்முறையீடு பண்ணுவோம். எனக்கு இது பொழுதுபோக்காயிருச்சு."

"அந்தம்மா கையெழுத்து இல்லாம எதுவும் நகராது. உரிமையில உங்களையும் சேர்த்துக்க சம்மதம்னு அவங்கதான் எழுதித் தரணும்."

தருவாள், நம்ம சாமியாத்தாள்தானே என்றேன்.

டிசம்பர் 8, வெள்ளி

தரவில்லை.

மேடம் அனுப்பிய தாளை அச்செடுத்து, பேனாவோடு எடைத்தட்டின் மேல் வைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, "என்ன எழுதியிருக்குதுன்னு படிங்ணா" என்றாள். படித்தேன். கண்டுபிடித்தவர்கள்: மருதாசலம், சாமியாத்தாள்.

"ரெண்டு பேரு இருக்குதுங்களே."

"ஆமா. உம் பேரும் போட்டாச்சு."

"எம் பேரு செரீங்ணா. முன்னால இருக்கற பேரு எதுக்குங்?"

எனக்குப் புரியவில்லை. புரிந்தும் புரியாத மாதிரி நின்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்ணா. நீங்க என்ன கண்டுபுடிச்சீங்க?"

"மெஷினு வாங்குனது யாரு? ஷெட்டு புடிச்சது யாரு?"

"அதெல்லாம் நீங்கதானுங்ணா. இல்லீங்கல. மெசினு வாங்குனவிய பேரு போடறதுக்கு இதுல எடமிருந்தா அங்க போட்டுக்கோங்க. கண்டுபுடிச்சவிய கட்டத்துல எம் பேரு மட்டும் இருக்கட்டும். உரிமைக்குச் சொந்தக்காரவிய கட்டத்துல ரெண்டு பேரும் இருப்போம். அப்படி எழுதீட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

"போடாட்டி?"

"போடலீங்ணா. அவ்வளவுதான்."

குரல் உயரவில்லை. பேனாவை என் பக்கமே திருப்பி வைத்துவிட்டு மெஷினைப் போட்டாள். நான் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இருபத்தாறு வயதில் வேலை கேட்டு வந்தவள் என்னிடம் இப்படிப் பேசுகிறாள் என்று ஒரு மணி நேரம் பொருமினேன்.

டிசம்பர் 9, சனி

நான் என்ன கண்டுபிடித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். மேடம் ஒரே ஒரு வித்தியாசம் கேட்ட மாதிரி எனக்கும் ஒரே ஒன்று போதும்.

எண்ணெய் நான் சொன்னதில்லை. எவ்வளவு எண்ணெய் என்பதும் அவள் ஒரு வாரம் கூட்டிக் குறைத்துப் பார்த்துச் சொன்னது. இழை நீளமாக இருப்பதைப் பொசுக்கிப் பார்த்ததும் அவளே. பிப்ரவரியில் இதே டைரியில் அதை நான் கண்டதாக எழுதியிருக்கிறேன். சதவீதத் தப்பையும் அவள்தான் பிடித்தாள். விண்ணப்பத்தைக் காப்பாற்றிய அட்டவணை அவள் கையெழுத்து. சுத்தியலால் அடித்தது நான். அடிக்கச் சொன்னதும் அவள்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அறிக்கையில் பரிசோதகர் எழுதியிருந்தாரே, விண்ணப்பதாரர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை என்று. அந்த ஒரு வரியை மட்டும் நான் மறுக்க முடியாது போலிருக்கிறது.

டிசம்பர் 11, திங்கள்

புதுத் தாள். கண்டுபிடித்தவர்: சாமியாத்தாள். விண்ணப்பதாரர்கள், அதாவது உரிமைக்குச் சொந்தக்காரர்கள்: சாமியாத்தாள், மருதாசலம். என் உறுதிமொழி தவறானது, திருத்திக்கொள்கிறேன் என்று தனியாக ஒரு தாள். மேடம் 'கவனக்குறைவால்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தார். அடித்துவிட்டேன்.

சாமியாத்தாள் மூன்று பக்கத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் பக்கத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு தமிழில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டோம்.

நிராகரித்தால் நிராகரிக்கட்டும். சண்டை போட இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.

2024

பிப்ரவரி 16, வெள்ளி

கிடைத்துவிட்டது.

மேடம் போனில் கத்தினார், எப்போதும் அமைதியாகப் பேசுகிறவர். அதிகாரி உத்தரவில் பெயர் திருத்தத்தை ஏற்று, கை அரிப்பை அப்படியே ஒரு பத்தியாக எழுதியிருக்கிறாராம். தூசியைத் தவிர்க்கும் நோக்கத்தில் செய்யப்பட்ட இது இத்துறை அறிஞர்கள் யாருக்கும் தோன்றியிராது என்று.

சுந்தரவடிவேலும் மத்தியானம் கூப்பிட்டார். செய்தி அதற்குள் போயிருக்கிறது. "வாழ்த்துக்கள்ப்பா. அதாரு சாமியாத்தாளு, உங்க சம்சாரமா?" என்றார்.

"இல்லீங்க. கண்டுபுடிச்சவங்க" என்றேன். "இனி அந்தக் கலவைய நீங்க போடறதுன்னா அவங்களைக் கேட்டுட்டுத்தான் போடோணும். லைன்ல குடுக்கட்டுங்களா?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

சான்றிதழை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமியாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இங்கிலீஷில் இருந்த தன் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அடுத்தாற்போல் ஒரு சங்கதி மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றும், தேதி போட்ட நோட்டு ஒன்று வேண்டும், நான் எழுதுகிறேனே அந்த மாதிரி என்றும் கேட்டார். சாயங்காலமே காந்திபுரத்தில் ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன்.

மூட்டை மேல் உட்கார்ந்து, இன்றைய தேதிப் பக்கத்தைத் தேடி எடுத்து, என்னவோ நாலு வரி எழுதினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்னங்க எழுதுனீங்க? சித்தெ காட்டுங்க பாக்கலாம்" என்றேன்.

அவர் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார். "விண்ணப்பம் போட்டதுக்கப்புறம் காட்டறனுங்ணா" என்றார்.